சிங்கப்பூர் வண்டிக்கு லக் டயர்

கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனாகி, மாதா மாதம் அரசாங்கச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்த ஓர் ஆள், குங்குமச் சிமிழ் அளவுள்ள பொம்மை லாரி டயருக்குக் கோடு நீளவாக்கில் இருக்க வேண்டுமா, குறுக்குவாக்கில் இருக்க வேண்டுமா என்று ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் யோசித்தான் என்று யாராவது சொன்னால், "அந்த முட்டாளுக்கு எவன் பெண் கொடுத்தான்?" என்றுதான் கேட்பீர்கள். கொடுத்தவர் புதுச்சத்திரத்துக்காரர். முட்டாள் நான்.

வயசுக்கோளாறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. எனக்கு அப்போதே முன்மண்டையில் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. ஆபீஸில் எனக்குக் கீழே ஒரு பியூன்கூட இருந்தார். என் முட்டாள்தனத்துக்கு முழுப் பொறுப்பு ஏற்கும் தகுதி எல்லா வகையிலும் எனக்கு வந்துவிட்டிருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாமக்கல்லில் லாரி டயரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இல்லாதவனை மனுஷக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். முடி வெட்டிக்கொள்ளப் போனால், வெட்டுகிறவர் கத்திரியால் காற்றில் கோடு போட்டு, "முன்னாடி ரிப், பின்னாடி லக்" என்று விளக்குவார். ரிப் என்றால் நீளவாக்கில் கோடு ஓடும் டயர். வளைவில் சொன்ன பேச்சுக் கேட்கும். லக் என்றால் குறுக்கே கட்டை கட்டையாக இருக்கும், பாரம் இழுக்கும். இதற்கு மேல் இதில் தெரிந்துகொள்ள ஒரு மண்ணும் இல்லை. ஆனால் இதையே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசுவார்கள், வேதத்துக்கு உரை சொல்வதுபோல. சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பேசினவன்தான். என்னிடம் சைக்கிள் இருந்தது.

என் மாமனாருக்குத் தோட்டம் போக இரண்டு லாரிகள். மகன் இல்லை, இரண்டு மகள்கள். மூத்த மகளை எனக்குக் கொடுத்தார். இளையவளை நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவருக்குக் கொடுத்தார். அவர் என் சகலை. என்னைவிட இளையவர், ஆனால் உடம்பில் என்னைப்போல ஒன்றரைப் பங்கு. பேச்சில் அதற்கும் மேலே.

எனக்கு ஒரு குறை உண்டு. மாமனார் வீட்டில் லாரியைப் பற்றிப் பேச்சு வராத நாள் கிடையாது. எந்த டயரைக் கழற்றலாம், எதைப் புது ரப்பர் ஒட்ட ரீட்ரேடிங்குக்குப் போடலாம் என்று டிரைவரிடம் கேட்பார், கிளீனரிடம் கேட்பார், பால் ஊற்ற வந்தவரிடம்கூடக் கேட்பார். என் பக்கம் திரும்பினால் மட்டும், "அப்பறம் மாப்பிள்ளை, நாமக்கல்லுல மழைங்களா?" என்பார். மூத்த மாப்பிள்ளை என்ற பெயரில் அந்த வீட்டில் நான் வகித்த பதவி மழைமானி. ஒரே ஒரு தடவை, "மாப்பிள்ளை, இதுக்கு என்ன டயர் போடலாமுங்க?" என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும். அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன். செய்தும் விட்டேன், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தத் தீபாவளிக்கு மாமனாரின் தம்பி வந்திருந்தார். அவர் போர்வெல் ரிக் வண்டிக்காரர். ரிக்குக்கு ஏதோ பாகம் விசாரிக்கப் போகிறேன் என்று சிங்கப்பூர் போய், பாகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கி வந்தவர். தனக்கு ஒரு டேப் ரெக்கார்டர், ஊருக்கெல்லாம் தைலம், அண்ணன் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு ரேஸ் லாரிகள். செருப்புப் பெட்டி நீளம். கையில் ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு, கம்பியை நீட்டி, விசையைத் தள்ளினால் ஒயர் எதுவும் இல்லாமலேயே ஓடும், திரும்பும், பின்னாலும் வரும்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மாப்பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுபோலக் கொடுக்க வேண்டும். வேஷ்டி என்றால் ஒரே கரை, மோதிரம் என்றால் ஒரே எடை, இலையில் விழும் கறிகூட எண்ணிக்கை மாறக் கூடாது. ஒருமுறை சகலைக்கு வந்த துண்டு என்னுடையதைவிட அரை முழம் அதிகமாக இருந்தது என்று நான் ஒரு ஆடி மாதம் முழுக்க அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆகவே இரண்டு லாரிகளும் அச்சு அசலாக ஒன்றே. பெட்டியும் நிறமும்கூட ஒன்று. அன்றைக்குக் கையிலிருந்த பேட்டரி செல் ஒரு வண்டிக்குத்தான் போதுமானதாக இருந்தது. அதை மட்டும் கூடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். அது ஓடியதைப் பார்த்துச் சகலையின் மகன் வீறிட்டு அழுதான். என் மகள் லாரியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அதோடு அந்த லாரிகள் அப்பன்களுக்கு வந்து சேர்ந்தன.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மாமனார் சொன்னார்: "சேலத்துல ஒரு பழைய வண்டி பேசி முடிச்சிருக்கறேன். பாடி கட்டி, டயரெல்லாம் மாத்தி, தையில ரோட்டுல உடோணும். கூடமாட ஒரு ஆளு இருந்தாத் தேவலை."

"நான் வாரேனுங்க மாமா" என்றேன்.

"நான் வாரேனுங்க மாமா" என்றார் சகலை. இரண்டு குரலும் ஒரே சமயத்தில் வந்தன. எங்களை ஒன்றுபோல நடத்தி நடத்தி, நாங்களும் ஒன்றுபோலவே ஆகியிருந்தோம்.

மாமனார் எங்களைப் பார்த்தார். கூடத்தில் கிடந்த லாரியைப் பார்த்தார். "மொதல்ல இதை ஓட்டிக் காட்டுங்க. பொங்கலுக்குப் பாக்கலாம்" என்று சொல்லி எழுந்து வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

பேச்சை முடிப்பதற்காகச் சொன்னாரோ என்னவோ. நாங்கள் அதைக் கோர்ட்டு உத்தரவாக எடுத்துக்கொண்டோம். மாட்டுப் பொங்கலன்று களத்தில் பந்தயம். ஜெயித்தவர் அந்தச் சேலத்து வண்டிக்கு டயர் எடுக்க மாமனாரோடு போவார். இதை எங்கள் இருவர் மனைவிமார்களும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள், தலையில் அடித்துக்கொண்டே.

வண்டியோடு வழவழப்பான ஒரு வண்ணத்தாள் இருந்தது. தனியாக வாங்கிப் போடக்கூடிய சாமான்களின் படங்கள்: தங்க நிற வீல்கள், முள் வைத்த டயர்கள், ஸ்பிரிங்குகள், பளபளக்கும் அச்சுகள். இந்த உலகத்தில் மனிதனை ஏமாற்றுவதற்குப் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, வழவழப்பான தாளில் ஒரு சக்கரத்தின் படத்தைப் போட்டாலே போதும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை ஆபீஸ் கோப்புக்குள் வைத்துப் படித்தேன். பியூன் எட்டிப் பார்த்து, "சார், வண்டி வாங்கறீங்களா?" என்றார். "பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றேன் கம்பீரமாக.

முதல் முடிவு: வண்டியில் இருக்கும் டயர் சரியில்லை. ஏன் சரியில்லை? நான்கு டயரும் ஒரே மாதிரி. முன்னாடி ரிப் இல்லை, பின்னாடி லக் இல்லை. எல்லாவற்றிலும் பலாப்பழத் தோல் மாதிரி முள் முள்ளாக இருந்தது. சிங்கப்பூர்க்காரனுக்கு என்ன தெரியும்? நாமக்கல்லில் பிறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பின் டயர் இரண்டையும் கழற்றிக்கொண்டு என்னோடு படித்தவன் வைத்திருந்த ரீட்ரேடிங் பட்டறைக்குப் போனேன். ரீட்ரேடிங் பின் டயருக்குத்தான் போட வேண்டும், முன் டயருக்குப் போடவே கூடாது என்பது அங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அந்த ஞானத்தை நான் கடைப்பிடித்தேன். ஆனால் ரீட்ரேடிங் என்பது தேய்ந்த டயருக்குப் போடுவது, இது இன்னும் தரையையே தொடாத டயர் என்பது மட்டும் தோன்றவில்லை. தேயாத டயருக்கு ரீட்ரேடிங் கேட்டுப் போன முதல் ஆள் அந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

அவன் டயரை விரலில் மோதிரம் மாதிரி மாட்டிப் பார்த்தான். "என்னடா இது, உளுந்து வடைக்கு ரீட்ரேடிங்கா?"

"வெளையாடாதடா. லக் பேட்டர்ன் வேணும்."

"எத்தனை டன்னு ஏத்துவ?"

"நீ போடுவியா மாட்டியா?"

"போடறேன் போடறேன். ஆனா ஒண்ணு, வெடிச்சா கம்பெனி பொறுப்பில்லை."

ரப்பர் பட்டையை வெட்டி, பசை தடவி, ஒரு லாரி டயரோடு சேர்த்துச் சூட்டுக்குள் வைத்தான். லாரி டயர் புதிதாக வெளியே வந்தது. என்னுடையதில் ஒன்று அப்பளமாகவும் இன்னொன்று முறுக்காகவும் வந்தன. பட்டறையில் வேலை செய்த அத்தனை பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். "இது எந்தப் பேட்டர்னுங்க?" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

அடுத்தது வீல். பிளாஸ்டிக் வீலை நம்பி யாராவது வண்டி ஓட்டுவார்களா? சேலத்துக்குப் போய் ஒரு லேத் பட்டறையில் நான்கு பித்தளை வீல் கடையச் சொன்னேன். லேத்காரர் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த மிசினுக்குங்க இது?" என்றார். பொம்மைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நூல் மில்லுல ஒரு மிசினுக்கு" என்றேன். "எந்த மிசினுங்க? நான் மில்லு வேலை நெறையப் பண்றனுங்களே" என்றார். "அது புதுசா வந்திருக்கு" என்றேன். "அதுல எந்த எடத்துலங்க இது வருது?" என்றார். "அடியில" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கடைந்து கொடுத்த நான்கு வீல்களையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நாமக்கல் வருவதற்குள் பை கிழிந்துவிட்டது. அது ஒரு அறிகுறி என்று புரிந்துகொள்கிற மூளை இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

வீலுக்கு டயர் வேண்டுமே. பின்பக்கத்துக்குப் பழைய சைக்கிள் டயரின் கட்டை வைத்த பகுதியை வெட்டி ஒட்டினேன், லக் ஆயிற்று. முன்பக்கத்துக்கு ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி, சவர பிளேடால் நீளக் கோடுகள் கீறினேன், ரிப் ஆயிற்று. செருப்பு என் மனைவியுடையது. புதுச் செருப்பு. பழைய செருப்பில் குதிகால் பக்கம் தேய்ந்திருக்கும், சக்கரம் சமமாக வராது என்பது என் தொழில்நுட்பக் காரணம்.

"ஏனுங்க, என்ற செருப்பு எங்கீங்க?"

"வண்டியில இருக்குது."

"எந்த வண்டியில?"

நான் சுட்டிக்காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஊட்டுக்கு ஒரு மிக்சி வாங்கறதுக்கு இதுல காவாசி யோசனை பண்ணியிருந்தீங்கன்னா, நான் இந்நேரம் ஆட்டாங்கல்லைத் தூக்கி வீசியிருப்பேன். கோயலுக்கு வெறுங்காலோட போறேன். கேட்டா, எங்க ஊட்டுக்காரரு அதுல டயரு பண்ணிப் போட்டாருன்னு சொல்றேன்."

"ஜெயிச்சா உங்கப்பா என்னையக் கூட்டிட்டுப் போவாரு தெரியுமா?"

"எங்கப்பா நீங்க கேட்டாவே கூட்டிட்டுப் போவாரு. வாயத் தொறந்து கேக்கறதுக்கு என்னுங்க கேடு?"

கேட்டுப் போவதில் என்ன பெருமை இருக்கிறது? அவராகக் கேட்க வேண்டும். இதையெல்லாம் பெண்களுக்குப் புரிய வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், அந்த வீட்டில் புரிய வேண்டியது புரிந்திருந்த ஒரே ஆள் அவள்தான்.

கடைசியாகப் பாடி. எங்கள் பக்கத்தில் கம்பெனியிலிருந்து எலும்புக்கூடாக வருகிற லாரியை யாரும் வண்டி என்று சொல்வதில்லை. பட்டறையில் விட்டு மரமும் இரும்பும் ஏற்றி உடம்பு கட்டினால்தான் வண்டி. சிங்கப்பூர் வண்டியின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி எறிந்தேன். வீட்டிலிருந்த பழைய தேக்கு முக்காலியை அறுத்துப் பலகை போட்டு, ஆணி அடித்து, பின்கதவு வைத்து, பச்சையும் மஞ்சளும் பூசி, முன்னால் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறும் கட்டினேன். பார்க்க லாரி மாதிரியே இருந்தது. கனமும் லாரி மாதிரியே இருந்தது. புது வண்டியென்றால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும் அல்லவா? என் சக்கரத்தைவிட எலுமிச்சம்பழம் பெரிதாக இருந்ததால் சுண்டைக்காய் வைத்தேன். விசையைத் தள்ளினேன். வண்டி உறுமியது, நடுங்கியது, சுண்டைக்காயின் மேல் ஏறாமல் நின்றது. வலு இருக்கிறது, கொஞ்சம் பழக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சகலை என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமே. மஞ்சள் வாங்குகிற சாக்கில் நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். மண்டியில் அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே பட்டுத்துணி மேல் லாரி. வண்ணத்தாளில் இருந்த சாமான்களைச் சின்ன மாமனார் மூலமாகச் சிங்கப்பூரிலிருந்தே வரவழைத்துவிட்டார் அந்த மகானுபாவர். தங்க வீல், முள் டயர், நான்கு மூலைக்கும் ஸ்பிரிங்.

"எல்லாம் ஒரிசினலுங்க அண்ணா" என்றார். அந்த ஆள் வாயில் ஒரிசினல் என்ற வார்த்தை வரும்போது ஜவ்வாது வாசனையே வரும். மண்டியில் மஞ்சளுக்கு அவர் எவ்வளவு ஒரிசினலாக நிறம் ஏற்றுவார் என்பது எனக்குத் தெரியும், சொந்தக்காரர், சொல்லக்கூடாது.

"ஓட்டிப் பாத்தீங்களா சகலை?"

"தெனமும் ஓட்டறனுங்க."

"எங்க?"

"கட்டல் மேல. ஜமக்காளம் விரிச்சு."

"கீழ எறக்கி ஓட்டறதில்லையா?"

"கீழ மண்ணுங்களே அண்ணா. டயரு கெட்டுப்போயிருமுங்க."

இந்த உலகத்தில் மண்ணில் படாமல் ஓடுகிற டயரைத் தேடி வாங்கின ஒரே மனிதர் என் சகலைதான். ஆனால் அந்த வண்டியைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. "உங்க வண்டி எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். "சும்மா ஏதோ" என்றேன். ரகசியம் வெளியே போய்விடக் கூடாதல்லவா? அவரும் தன் வண்டியை என் எதிரில் ஓட்டிக் காட்டவில்லை. இரண்டு வண்டியையும் ஒரே இடத்தில் வைத்து ஓட்டிப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மாட்டுப் பொங்கல் வந்தது. மாமனார் வீட்டுக் களம் சிமெண்டுக் களம். ஒரு முனையில் பட்டிப் பொங்கலுக்கான ஏற்பாடு. சாணத்தால் வரப்புக் கட்டி, நடுவில் தண்ணீரும் பாலும் ஊற்றி, பூப் போட்டுச் சின்னதாக ஒரு தெப்பக்குளம் அமைத்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் கன்றுக்குட்டியைப் பிடித்து அதன் வழியாக நடத்துவார்கள். கன்று முதலில் மிதித்தால் பட்டி பெருகும் என்பது நம்பிக்கை. மாடுகள் கொம்பில் சாயத்தோடு வரிசையாக நின்றன. மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சொந்தபந்தம், ஒறம்பரை மொத்தமும் சுற்றி நின்றது. பூஜைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடுங்கள் என்றார்கள். களத்தின் குறுக்கே எல்லையாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார் சின்ன மாமனார்.

சகலை கண்ணாடிப் பெட்டியிலிருந்து வண்டியை எடுத்து, அதன் டயர்களைத் துண்டால் துடைத்துத் தரையில் வைத்தார். நான் என் வண்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து இறக்கினேன். 'ணங்' என்றது களம்.

"ஏனுங் மாப்ள, லோடோடவா ஓட்டப் போறீங்க?" என்றார் சின்ன மாமனார்.

"காலி வண்டிதானுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒரு வெற்றியாளனின் பொறுமையோடு.

சின்ன மாமனார் துண்டை உயர்த்தினார், இறக்கினார். என் விரல் முந்திக்கொண்டது. விசையைத் தள்ளினேன். என் வண்டி உறுமியது, நடுங்கியது, ஒரு சாண் நகர்ந்தது. சகலையின் வண்டி அம்பு மாதிரி பாய்ந்தது.

"பாத்தீங்களா பிக்கப்பு!" என்று கத்தினார் சகலை. "நான் இன்னும் விசையைத் தொடவே இல்லைங்க! எல்லாம் அந்த டயரு! ஒரிசினலு!"

நான் பதற்றத்தில் இன்னும் அழுத்தித் தள்ளினேன். அவர் வண்டி இன்னும் பறந்தது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது. ஜனம் கைதட்டியது. என் வண்டி புறப்பட்ட இடத்திலேயே கோவில் தேர் மாதிரி நின்றுகொண்டிருந்தது. நான் வெறுப்பில் கையை எடுத்தேன். அவர் வண்டியும் நின்றது. சந்தேகத்தோடு மறுபடி தொட்டேன். அவர் வண்டி ஓடியது. இடது பக்கம் திருப்பினேன். அவர் வண்டி இடது பக்கம் திரும்பியது.

"சகலை, உங்க வண்டியை ஓட்டறது நானுங்க!"

"என்னது?"

"கையை மேல தூக்குங்க. இப்பப் பாருங்க." தள்ளினேன். ஓடியது. அவர் முகத்தில் மஞ்சள் விலை சரிந்த களை வந்தது. உடனே தன் விசையைப் பின்னால் இழுத்தார். அவர் வண்டி பின்னால் வந்தது; என் வண்டியும் 'ஊம்' என்று முக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

அப்போதுதான் சின்ன மாமனார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, ஆமாங்க! கடைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், ரண்டும் ஒரே நெம்பரா எடுக்காதீங்க, ஒண்ணோட டப்பா இன்னொண்ணையும் ஓட்டும்னு. வேற வேற எடுத்தா மாப்பிள்ளைக சண்டைக்கு வருவாங்கன்னு நான்தான் ஒரே மாதிரி கேட்டு வாங்கியாந்தேன்!"

ரிப்பு, லக்கு, பித்தளை, தங்கம், தேக்கு, ஸ்பிரிங், செருப்பு எல்லாம் பார்த்தோம். எந்த டப்பா எந்த வண்டியை ஓட்டும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. இதோடு வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஏதோ மனுஷர்கள் என்று சொல்லலாம். நாங்கள் மாப்பிள்ளைகள் அல்லவா?

"எப்படியோ கோட்டைத் தாண்டினது என்ற வண்டிங்க. நான் ஜெயிச்சாச்சு" என்றார் சகலை.

"ஓட்டினது நானு. நான்தான் ஜெயிச்சேன்."

"வண்டிக்கு ஓனரு நானுங்க!"

"ஓனரு சும்மா கையைக் கட்டிட்டு நின்னா வண்டி தானாப் போகுமா?"

"அப்ப லாரி ஓடினா டிரைவரா மொதலாளி? கேளுங்க, மாமாகிட்டயே கேளுங்க!"

மாமனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இருந்த டிரைவர் ஒருவர் மட்டும், "அண்ணன் சொல்றது நாயமுங்க" என்று என் பக்கம் பேசினார். கூட இருந்த லாரி முதலாளி ஒருவர் அவரை முறைத்தார்.

சகலைக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படீன்னா உங்க வண்டியை நான் ஓட்டறேன், பாருங்க" என்று விசையைப் பின்னால் இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டார். அவர் வண்டி பின்னாலேயே ஓடி வந்து அவர் காலிலேயே முட்டி நின்றது. புறப்பட்ட இடத்துக்குப் பின்னால், தெப்பக்குளம் இருந்த பக்கம், களம் சரிவு. தானியம் கழுவின தண்ணீர் வடிவதற்காக விட்டது. அதுவரைக்கும் நகர மாட்டேன் என்றிருந்த என் தேக்கு லாரிக்குச் சரிவு கிடைத்ததும் வேகம் வந்தது. அதன் கனமெல்லாம் அன்றைக்கு அந்த ஒரு காரியத்துக்குத்தான் பயன்பட்டது. பின்பக்கமாகவே போய், சாண வரப்பை உடைத்துக்கொண்டு, தெப்பக்குளத்தின் நடுவில் உட்கார்ந்தது. பூ மிதந்தது. குமிழி வந்தது.

நான் சும்மா இருப்பேனா? அவர் வண்டியைத் திருப்பி, முன்னால் தள்ளினேன். தங்க வீல் பளபளக்க அது ஓடிப் போய், உடைந்த வரப்பு வழியாக உள்ளே நுழைந்து, என் வண்டியின் முகப்பில் முட்டி நின்றது. மண்ணே படக்கூடாத டயர் சாணத்தில் முழுகியது.

என் மாமியார் மாப்பிள்ளைகளோடு நேராகப் பேச மாட்டார். எதுவானாலும் மகள் வழியாகத்தான். "அம்மணி, கன்னுக்குட்டி மொதல்ல மிதிக்கோணும்னு வருசா வருசம் பண்றோம். இந்த வருசம் என்ன மிதிச்சுதுன்னு உங்க ஊட்டுக்காரரையே கேளு" என்றார்.

என் மனைவி என்னைக் கேட்கவில்லை. குளத்தை எட்டிப் பார்த்து, "என்ற செருப்புதான் மிதிச்சுதுங்கம்மா" என்றாள்.

"போச்சாது, உடுங்க அண்ணி" என்றார் சின்ன மாமனார். "பட்டியில மாடு பெருகோணும்னு கும்புட்டோம். இனி லாரி பெருகும்போல இருக்குது." அதற்குப் பிறகு அங்கே யாராலும் நிற்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கன்றுக்குட்டி மட்டும் பயந்துபோய்த் தும்பை அறுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடியது. அதைப் பிடிக்க இரண்டு மாப்பிள்ளைகளையும் அனுப்பினார்கள். பிடித்து வந்தோம். ஒன்றாகத்தான் பிடித்தோம், ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இழுத்துக்கொண்டு.

வரப்பைத் திரும்பக் கட்டி, குளத்தை நிரப்பி, பூஜை முடிந்து, கன்று மிதித்து, எல்லோரும் சாப்பிட உட்காருகிற நேரம். என் வண்டியைக் கழுவி வெயிலில் வைத்தேன். முன் டயர் இரண்டும் ஊறிக் கழன்று வந்துவிட்டன. சகலை சோப்புப் போட்டு முள் முள்ளாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். இனி அவர் எழுந்து வர நேரமாகும் என்று தெரிந்தது. கட்டிலில் மாமனார் தனியாக இருந்தார்.

இதுதான் சமயம் என்று தோன்றியது. பந்தயம் போனால் போகட்டும். இந்த இரண்டு மாதத்தில் டயரைப் பற்றி நான் யோசித்த அளவுக்கு நாமக்கல்லில் எந்த லாரி முதலாளி யோசித்திருப்பார்? மனைவி சொன்ன மாதிரி வாயைத் திறந்து கேட்டே விடலாம். வேஷ்டியில் சாணம் தெரியாமல் மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, வெளையாட்டு வெளையாட்டாப் போச்சுங்க. அந்தச் சேலத்து வண்டி விசயத்துக்கு வாரனுங்க. முன்னாடி ரிப்பு, பின்னாடி லக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்லைங்க. டயரு எடுக்க எப்பங்க போலாம்?"

மாமனார் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

"போன வாரமே போட்டாச்சுங்க மாப்பிள்ளை."